வாத்து வக்கீல் வரும் வரை

அந்தப் புத்தகக் கடையின் இரண்டாம் மாடிக்கு ஆட்கள் இரண்டே காரணங்களுக்காகத்தான் ஏறி வருவார்கள். ஒன்று, பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க. இன்னொன்று, கடையின் ஒரே கழிப்பறை அங்கேதான் இருந்தது. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய முகம் அத்தையின் முகம். பிள்ளைகள் அவளைப் 'பலகை அத்தை' என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதைதான் இது.

அத்தை அந்த வேலைக்கு வந்தபோது ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஒரு பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வரும், எந்த நடைமேடையில் நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எல்லார் கையிலும் போன் வந்து, போனே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்ததும் கூண்டைப் பூட்டிவிட்டார்கள். "வீட்டுல சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்று அவள் புலம்ப, தங்கை வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த புத்தகக் கடை முதலாளியிடம் சொல்லி வைத்தார். முதலாளி கேட்டது ஒரே கேள்வி.

"படிக்கிற பழக்கம் உண்டாம்மா?"

"பஸ் அட்டவணை படிச்சிருக்கேன் சார். தலைகீழா சொல்வேன்."

முதலாளி சிரித்துவிட்டு இரண்டாம் மாடியைக் காட்டினார். பிள்ளைகள் பகுதி என்றால் பெரிதாக ஒன்றும் தெரிய வேண்டாம், பொம்மை அட்டையைத் துடைத்து வைத்தால் போதும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

முதல் வாரமே அத்தைக்கு ஒன்று புரிந்தது. மேலே வருகிற பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வாத்து வக்கீல் அஞ்சாவது வந்திடுச்சா?"

கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, குளத்திலும் வயலிலும் நடக்கிற சண்டைகளுக்கெல்லாம் வாதாடும் ஒரு வாத்தின் கதை அது. நான்கு புத்தகம் வந்திருந்தது. நான்காவதன் கடைசிப் பக்கத்தில் வாத்து ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கிறது, குளத்தையே காணோம். அங்கே கதையை நிறுத்தி, 'மீதி அடுத்த புத்தகத்தில்' என்று போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஒன்றரை வருஷமாக அந்தக் குளத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்கு முன்னால் அங்கே இருந்தவர் "வந்தா வரும், போ" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். அத்தையால் அது முடியவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வண்டி வரவில்லை என்று யாரும் அவ்வளவு கோபப்படுவதில்லை, வருமா வராதா என்று தெரியாமல் நிற்க வைத்தால்தான் கொலைவெறி வரும். அவள் பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். விற்பனைப் பிரிவில் ஒரு பையன் எடுத்து, "இன்னும் மூணு மாசம் ஆகலாம் மேடம்" என்றான். அத்தை கீழே கிடங்கில் தூசி படிந்து கிடந்த வெள்ளைப் பலகை ஒன்றைத் தூக்கி வந்து, படி முடிகிற இடத்தில் சாத்தி வைத்து, அதில் எழுதினாள்: 'வரப்போகிறது. வாத்து வக்கீலும் காணாமல் போன குளமும். மூன்று மாதம்.' அதோடு நிற்காமல் மற்றப் பதிப்பகங்களுக்கும் போன் போட்டு, இன்னும் எட்டுப் புத்தகங்களையும் தேதியோடு சேர்த்தாள்.

பலகையின் இடது பாதி நிரம்பிவிட்டது. வலது பாதி வெறிச்சென்று கிடந்தது. அது அவள் கண்ணை உறுத்தியது. கூண்டில் இருந்த காலத்தில் "உங்க வண்டி ஒரு மணி நேரம் லேட்டு" என்று சொன்ன கையோடு, "அதுவரைக்கும் ஏழாம் நடைமேடையில ஒண்ணு நிக்குது, பாதி வழி போகும், அதுல ஏறிக்குங்க" என்று சொல்வாள். சொல்லாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆகவே வலது பக்கத்தில் 'அதுவரைக்கும்' என்று தலைப்புப் போட்டாள்.

போட்ட பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. அதுவரைக்கும் எதைப் படிக்கச் சொல்வது?

மாடியின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதில் அறுபது பெட்டி பழைய பிள்ளைகள் புத்தகம், விற்காமல் தங்கிப்போனவை. முதலாளி அவற்றைப் பழைய காகிதக்காரருக்குத் தூக்கிக் கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சிம்மா" என்றார். "பிள்ளைங்களுக்குப் புதுசுதான் வேணும்." அத்தை ஒரு பெட்டியைப் பிரித்து அட்டைகளைப் பார்த்தாள். ஒரு அட்டையில் அம்மா வாத்தும் ஆறு குஞ்சுகளும் வரிசையாகப் போயின. வாத்துக்கு வாத்து, சரியாகப் போயிற்று என்று வாத்து வக்கீலுக்கு எதிரே அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதிவிட்டாள்.

மறுநாளே அதை ஒருத்தி வாங்கிப் போனாள். ஒன்பது வயது, ரெட்டைச் சடை. அப்பா மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஆனால் இவள் பார்வைக்கு எந்தக் கண்ணாடியும் தேவையில்லை, எதிரே இருப்பவரின் எலும்பு வரைக்கும் தெரியும். கடையில் எல்லாரும் அவளை 'நீதிபதி' என்பார்கள். ஒரு புத்தகத்தைப் பற்றி அவள் சொன்னால் தீர்ப்புத்தான், மேல்முறையீடு கிடையாது.

இரண்டு நாள் கழித்து நீதிபதி வந்து, புத்தகத்தை அத்தையின் மேஜைமேல் வைத்தாள்.

"இதுல வாத்து இருக்கு" என்றாள்.

"ஆமா கண்ணு."

"அவ்வளவுதான் இருக்கு."

அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க இதைப் படிச்சீங்களா அத்தை?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படிப் பலகையில எழுதினீங்க?"

அத்தை எழுந்து போய்ப் பலகையில் அந்தப் பெயரை அழித்தாள். கூண்டில் இருந்தபோது தான் போகாத ஊருக்கு அவள் வழி சொன்னது உண்டு; ஆனால் அந்த வண்டி ஓடுகிறதா இல்லையா என்று விசாரிக்காமல் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பைக்குள் நான்கு பழைய புத்தகங்களைப் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வாழ்நாளில் பாதியை இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கியே கழித்த மனுஷன். மனைவி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, உப்பு விற்கப் போன யானையின் கதையை எழுத்துக்கூட்டாத குறையாகப் படிப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பேரன் எடுக்கிற வயசுல இது என்ன படிப்பு?"

"வேலைக்காகப் படிக்கிறேன். சும்மா இருங்க."

"யானைக்கு உப்பு விக்குமா விக்காதான்னு தெரியலைன்னா சம்பளம் தர மாட்டாங்களோ?"

அத்தை கண்டுகொள்ளவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தபோது, அவர் சமையலறை வாசலில் நின்றபடியே அதே புத்தகத்தில் மூழ்கியிருந்தார். ஒரு கையில் இருந்த தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டதும், "அச்சு எப்படி இருக்குன்னு பார்த்தேன்" என்றார்.

இரண்டு மாதத்தில் அத்தை நாற்பது புத்தகம் முடித்தாள். சிலது இருபதே பக்கம், சிலது இருநூறு. சிலது படிக்கும்போதே தூக்கம் வந்தது. அவற்றைத் திரும்பப் பெட்டியில் போட்டாள். சிலது அவளைப் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டன. பேருந்து நிலையத்தில் வேலை பார்த்தவள் நிறுத்தத்தைத் தவறவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

ஆனாலும் நீதிபதிக்கு என்ன கொடுப்பது என்று பிடிபடவில்லை. கடைசியில் அவளிடமே கேட்டாள். "அந்த வாத்துக்கிட்ட உனக்கு என்னதான் பிடிச்சிருக்கு?"

நீதிபதி உடனே சொன்னாள். "ரெண்டாவது புத்தகத்துல அது கேஸ்ல தோத்துடும். தோத்துட்டு வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத் தூங்கும். மறுநாள் காலையில மறுபடியும் கோட்டு மாட்டிக்கிட்டு ஆபீஸ் போகும். அது பிடிச்சிருந்துச்சு."

அத்தைக்குப் பளிச்சென்று ஒரு புத்தகம் ஞாபகம் வந்தது. பத்தொன்பதாம் பெட்டியில் ஒரே ஒரு பிரதி இருந்தது. 'பதினோராம் நம்பர் வீட்டுக்கு ஒரு கடிதம்.' முப்பது வருஷத்துக்கு முந்தையது. அட்டையின் ஒரு மூலை எலி கடித்தது. ஒரு தபால்காரி, பதினோராம் நம்பர் வீடே இல்லாத தெருவில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு கதை முழுக்க அலைகிறாள். கடைசிவரை வீடு கிடைப்பதில்லை. ஆனால் விசாரித்த வீட்டிலெல்லாம் அவளுக்கு ஒரு நட்பு கிடைக்கிறது. கடைசிப் பக்கத்தில், மறுநாள் பைக்குள் அந்தக் கடிதத்தை மேலாக வைத்துக்கொண்டு மறுபடியும் கிளம்புகிறாள்.

அத்தை அந்தப் பெயரைப் பலகையின் வலது பக்கத்தில் எழுதினாள்; நீதிபதி வாங்கிப் போனாள். நான்கு நாள் ஆளையே காணோம். ஐந்தாம் நாள் வந்தவள், நன்றாயிருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இந்த மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அத்தைக்கு அதுவே பதக்கம் குத்தின மாதிரி இருந்தது. அதற்குள் நீதிபதியின் வகுப்பில் அந்தப் புத்தகத்துக்கு வரிசை கட்டிவிட்டார்கள். அவள் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, ஒரு நோட்டில் பெயர் எழுதி, ஒருத்தருக்கு மூன்று நாள் என்று கணக்காக இரவல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

வாத்து வக்கீல் இரண்டு தடவை தள்ளிப்போய், மூன்றாம் தடவையாகப் பதிப்பகத்துப் பையன் போனில் பேசினான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். "பதினாலாம் தேதி, சனிக்கிழமை" என்பது அத்தையின் காதில் தெளிவாக விழுந்தது. பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது.

பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு மாடிப்படி கொள்ளவில்லை. நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், அவர்களோடு அப்பா, அம்மா, சித்தப்பா, பெரியம்மா. முதலாளிக்கு வாயெல்லாம் பல். தானே நாற்காலி தூக்கிப் போட்டார். பத்தரை ஆயிற்று. பார்சல் வரவில்லை. அத்தை போன் போட்டாள்.

"மேடம், பதினாலாம் தேதி அச்சுக்குப் போகுதுன்னுதானே சொன்னேன்" என்றான் பையன். "கடைக்கு வர இன்னும் ஏழெட்டு வாரம் ஆகும்."

பதினெட்டு வருஷத்தில் ஒரு வண்டியின் நேரத்தைக்கூடத் தப்பாகச் சொல்லாதவள் அத்தை. அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பதிப்பகத்தின் தலையில் பழியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். முதலாளி ஜாடையில் அதைத்தான் சொன்னார். அத்தை மேல் அடுக்குப் புத்தகம் எடுக்கிற முக்காலியில் ஏறி நின்றாள்.

"பிள்ளைங்களா, புத்தகம் இன்னிக்கு வரலை. இன்னிக்குத்தான் அச்சுக்கே போகுது. நான் சரியா கேட்டுக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான்."

ஒரு குட்டிப் பையன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். "லீவு நாள்ல தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்தா இப்படி" என்று ஒரு அப்பா முணுமுணுத்தார். இன்னொருவர் கீழே இறங்கத் திரும்பினார். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து நீதிபதியின் குரல் வந்தது.

"யாரும் போகாதீங்க. அத்தைமேல கேஸ் போடலாம்."

பிள்ளைகள் மத்தியில் ஒரு சலசலப்பு. வாத்து வக்கீலின் நான்கு புத்தகத்தையும் கரைத்துக் குடித்தவர்களுக்கு நீதிமன்றம் அமைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அத்தையின் மேஜை நீதிபதிக்கு ஆசனமாயிற்று. அத்தையை இரண்டு அலமாரிக்கு நடுவே நிறுத்தினார்கள். அரசுத் தரப்பில் ஒரு கண்ணாடிக்காரப் பையன், எதிர்த்தரப்பில் கை தூக்கியது ஆறு வயதுப் பெண் ஒருத்தி.

"குற்றம் என்னன்னா," என்றான் பையன், "இல்லாத புத்தகத்தை இருக்குன்னு சொன்னது. நான் காலையில டிபன்கூடச் சாப்பிடலை."

"அது உங்க குற்றம்" என்றாள் நீதிபதி. "சாட்சி யாரு?"

முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"இந்த அத்தை இதுக்கு முன்னாடி பொய் சொல்லியிருக்காங்களா?"

"இல்லைங்க" என்றார். ஒன்பது வயதுக்கு 'ங்க' போட்டதை அவரே கவனிக்கவில்லை. "சொல்லப்போனா கொஞ்சம் கூடுதலாவே உண்மை பேசுவாங்க. 'இது நல்லா இல்லை, வாங்காதீங்க'ன்னு வர்றவங்ககிட்டச் சொல்லி ரெண்டு தடவை என் வயித்துல அடிச்சிருக்காங்க."

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். முணுமுணுத்த அப்பாவும் சிரித்தார். எதிர்த்தரப்பு வக்கீலைப் பேசச் சொன்னபோது அந்தக் குட்டி எழுந்து நின்று, "பாவம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

நீதிபதி தீர்ப்பு எழுதக் காகிதம் கேட்டு வாங்கி, நிதானமாக எழுதி, எழுந்து நின்று படித்தாள். "குற்றம் நிரூபிக்கப்பட்டது. தண்டனை: வாத்து வக்கீல் வர்ற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினோரு மணிக்கு, அத்தை பலகையில எழுதின பழைய புத்தகம் ஒண்ணைச் சத்தமாப் படிக்கணும். குரல் மாத்தி மாத்திப் படிக்கணும். இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

அத்தை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கூண்டுக்குள் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியவள்தான். ஆனால் ஒரு முகத்தைப் பார்த்துக் கதை சொன்னதில்லை, சொந்த மகளுக்குக்கூட. கையில் கிடைத்த உப்பு யானையை எடுத்தாள். முதல் வரியைப் படித்தபோது குரல் தானாகவே பழைய தடத்துக்குப் போய்விட்டது: "பயணிகள் கவனத்துக்கு" என்று சொல்கிற அதே இழுவையில், "யானை... ஒன்று... உப்பு விற்க... புறப்பட்டது." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது. யானைக்கு அந்தக் குரலையே வைத்துக்கொண்டாள். கதையில் வருகிற ஓணானுக்கு முதலாளியின் குரலைக் கொடுத்தாள். முதலாளிக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஒன்பது சனிக்கிழமை அப்படிப் போயிற்று. மூன்றாம் வாரம் உட்கார இடம் போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் வாரம் அத்தையின் வீட்டுக்காரர் தோளில் கருவிப் பையோடு வந்து நின்றார். "இங்க லிஃப்டே கிடையாதே, எதுக்கு வந்தீங்க?" என்று அத்தை கேட்டதற்கு, "இந்தப் பக்கம் ஒரு வேலை" என்றார். உண்மையில், அவர் பாதி படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை அத்தை காலையில் கடைக்கு எடுத்து வந்துவிட்டாள். மீதியைக் கேட்டுவிட்டுத்தான் போனார். பின்னறையில் அறுபது பெட்டி இருபத்திரண்டாகக் குறைந்தது. பழங்கஞ்சி பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் 'பதினோராம் நம்பர்' மட்டும் யாருக்கும் வாங்கக் கிடைக்கவில்லை. இரவல் பிரதி முப்பது கை மாறி, தைத்த நூல் வெளியே தொங்கியது. ஒரு சனிக்கிழமை கதை முடிந்ததும் நீதிபதியின் தலைமையில் பிள்ளைகள் அந்தப் பழைய பதிப்பகத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் தயாரித்தார்கள். 'மேற்படி புத்தகத்தை நீங்கள் முப்பது வருஷமாக அச்சடிக்காமல் இருப்பது ஏன் என்று பதினைந்து நாளுக்குள் பதில் சொல்லவும்.' கீழே நாற்பத்துமூன்று கையெழுத்து. எதிர்த்தரப்புக் குட்டிக்குக் கையெழுத்து வராது என்பதால் ஒரு வாத்து வரைந்தது. அத்தை உறையில் போட்டு ஒட்டி அனுப்பினாள். இலவு காத்த கிளி கதைதான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாலும் வெளியே சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பதிப்பகத்தை இப்போது நடத்துகிறவர் அதை ஆரம்பித்தவரின் மகள். 'நோட்டீஸ் கிடைத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இப்படி ஒரு புத்தகம் போட்டோம் என்பதையே நாங்கள் மறந்துவிட்டோம். அடுத்த வருஷத் தொடக்கத்தில் மறுபடி அச்சிடுகிறோம். தண்டனையைக் குறைக்கவும்.'

அத்தை அந்தக் கடிதத்தை முக்காலியில் ஏறி நின்று படித்தாள். பிறகு பலகைக்குப் போய், வலது பக்கத்தில் அந்தப் பெயரை அழித்து, இடது பக்கத்தில் எழுதினாள். முப்பது வருஷத்துப் பழைய புத்தகம் 'வரப்போகிறது' பட்டியலுக்கு ஏறியது.

வாத்து வக்கீல் ஒரு புதன்கிழமை மத்தியானம், யாருமே எதிர்பார்க்காத நேரத்தில் வந்து இறங்கியது. நீதிபதி அன்று சாயங்காலமே வாங்கிப் போய், மறுநாள் சாயங்காலம் வந்து சொன்னாள். "குளம் கிடைச்சிடுச்சு. ஆனா நாலாவதுதான் இன்னும் நல்லாயிருக்கு."

"சரி, தண்டனை முடிஞ்சிடுச்சா?" என்றாள் அத்தை.

"முடிஞ்சிடுச்சு."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அத்தை பழக்கதோஷத்தில் முக்காலியைத் துடைத்து வைத்தாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இருபத்தேழு பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் முப்பத்தொன்பதாம் பெட்டியைப் பிரித்தாள்.

அடுத்த வருஷத் தொடக்கம் என்று சொன்ன 'பதினோராம் நம்பர்' ஆறு மாதம் பிந்திவிட்டது. ஒவ்வொரு மாதமும் அத்தை தேதியைத் திருத்தி எழுதினாள். எழுதும் முன் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். பெட்டி வந்த அன்று நீதிபதியும் அங்கே இருந்தாள். இதற்குள் ஒரு சாண் வளர்ந்து, சடையை வெட்டிக்கொண்டு, முதல் மாடியில் பெரியவர்கள் புத்தகத்தையும் மேய ஆரம்பித்திருந்தாள். இருவருமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார்கள். காகிதம் வெள்ளைவெளேரென்று இருந்தது. அட்டையில் எலி கடித்த மூலை இல்லை.

நீதிபதி ஒரு பிரதியை எடுத்து, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், உட்கார்ந்தபடியே படித்தாள். அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, ஏதாவது மாத்திட்டாங்களா?"

"இல்ல அத்தை. அவ இன்னும் வீட்டைக் கண்டுபிடிக்கலை."

அப்பாடா என்று அத்தை இரண்டாவது பெட்டியின் பசைநாடாவைக் கிழித்தாள். படிக்கட்டில் பதினோரு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அதில் ஒன்று, தன் முறை எப்போது வரும் என்று மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.